பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கி

பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கி என்பது யானை, காட்டுமாடு, புலி, கடமான், வரையாடு, காட்டுப்பன்றி போன்ற பெரிய விலங்குகளைச் சுடுவதற்கென வடிவமைக்கப்பட்ட ரைபிள் வகைத் துப்பாக்கி ஆகும். குழலின் உட்சுவரில் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருப்பதால், ரைபிளிலிருந்து வெளியேறும் குண்டு தன் அச்சில் சுழன்றுகொண்டே செல்கிறது. பம்பரம் சுழலும்போது சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் திசை மாறாமல் பறக்கிறது. இவ்வகைத் துப்பாக்கியில் இரண்டு தெரிவுகள் முதன்மையானவை. ஒன்று, கேலிபர் எனப்படும் குழல்விட்டம். மற்றொன்று, குறிபார்க்கப் பயன்படும் ஸ்கோப் என்னும் இலக்குத் தொலைநோக்கி.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 ஆம் ஆண்டுத் திருத்தமும் விளையாட்டு வேட்டையை முற்றிலும் ஒழித்துவிட்டன. ஆகவே இத்தெரிவு இந்தியாவில் வரலாற்றுச் செய்தியாகவும், வனத்துறையினரின் நடைமுறைச் சிக்கலாகவும் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. பின்னதற்கு 2023 ஆம் ஆண்டு கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த அரிக்கொம்பன் யானை நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு. அது கீழே விளக்கப்பட்டுள்ளது.

குழல்விட்டத்தைக் குறிக்கும் முறைகள்

குழல்விட்டம் அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ கூறப்படுகிறது. .303 என்றால் குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர். ஆனால் இவ்வெண்களை அளவுகோலாக அப்படியே கொள்ளலாகாது. பெரும்பாலானவை வணிகப் பெயர்களே. செருமனியின் மௌசர் நிறுவனத்தின் 7×57 என்னும் தோட்டாவும், இலண்டன் ரிக்பி நிறுவனம் விற்ற .275 என்னும் தோட்டாவும் ஒன்றே. 7×57 என்பதில் முதல் எண் விட்டத்தையும் இரண்டாவது எண் தோட்டா உறையின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன. .30-06 என்பதில் உள்ள 06, அத்தோட்டா ஐக்கிய அமெரிக்கப் படையில் ஏற்கப்பட்ட 1906 ஆம் ஆண்டைக் குறிக்கிறது. .450/400 என்றால் .450 உறையின் கழுத்தை ஒடுக்கி .400 குண்டைப் பொருத்தியது என்று பொருள். ஒரே சீரான முறை இல்லாததால், புதிதாகப் படிப்போர் குழம்புவது இயல்பே.

இவற்றுக்கு முற்பட்ட முறை இன்னும் விந்தையானது. ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து எத்தனை சம உருண்டைகள் வார்க்கலாமோ, அந்த எண்ணிக்கையே துப்பாக்கியின் அளவாகக் கூறப்பட்டது. எனவே எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 4 போர் துப்பாக்கியின் உருண்டை கால் பவுண்டு, அதாவது சுமார் 113 கிராம் எடை கொண்டது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் என்பதால் அவ்வுருண்டையின் கன அளவு 10 கன சென்டிமீட்டர். அதன் விட்டம் ஏறத்தாழ 26.7 மில்லிமீட்டர் வரும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். இன்றும் வழக்கிலுள்ள 12 போர் என்னும் பெயர் இம்முறையின் எச்சமே.

கருமருந்துக் காலம்

19 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வெடிமருந்தாக இருந்தது கருமருந்து மட்டுமே. அது குண்டுக்கு அளிக்கும் விரைவு குறைவு. விரைவைக் கூட்ட இயலாத நிலையில், குண்டின் எடையைக் கூட்டுவதே யானை வேட்டையாளர்களுக்கு இருந்த ஒரே வழி. மைசூர்ப் பகுதியில் யானைகளைப் பிடித்துப் பழக்கிய ஜி. பி. சாண்டர்சன் போன்றோர் 4 போர், 8 போர் துப்பாக்கிகளைச் சுமந்ததற்கு இதுவே காரணம். சுட்டவுடன் எழும் அடர்ந்த வெண்புகை, விலங்கு விழுந்ததா அல்லது பாய்ந்து வருகிறதா என்பதைக்கூட மறைத்துவிடும்.

அக்காலத்தில் கொல்லப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கை இன்று படிப்போரைத் திகைக்கச் செய்யும். இலங்கையில் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற அதிகாரி மட்டும் 1,400 இற்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகிறது. அவர் 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சென்னை மாகாணத்தில் யானைகள் விரைந்து குறைந்ததால் 1873 ஆம் ஆண்டிலேயே காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நீலகிரியில் 1877 ஆம் ஆண்டு வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கமும், 1879 ஆம் ஆண்டு அதற்கான சட்டமும் தோன்றின. இவற்றைத் தோற்றுவித்தவர்களும் வேட்டையாளர்களே. விலங்குகள் தீர்ந்துபோனால் வேட்டையும் தீர்ந்துபோகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கார்டைட்டும் 1907 ஆம் ஆண்டுத் தடையும்

புகையற்ற வெடிமருந்தான கார்டைட் 1889 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் உருவானது. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் 1903 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இம்மருந்தின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. 1898 ஆம் ஆண்டு ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டது. இதன் குண்டு 31 கிராம் மட்டுமே. ஆனால் அது நொடிக்கு 655 மீட்டர் விரைவில் சென்றது. கால் பவுண்டு ஈய உருண்டை இதன் பின் தேவையற்றுப் போயிற்று.

கார்டைட்டுக்கு ஒரு குறை இருந்தது. வெப்பநிலை உயர்ந்தால் அது எரியும் விரைவும் குழலுக்குள் அழுத்தமும் உயரும். இங்கிலாந்தின் குளிரில் சோதிக்கப்பட்ட தோட்டா இந்திய வெயிலில் கிடந்தால், சுட்டபின் உறை விரிந்து குழலில் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது குண்டு உடனே தேவைப்படும் வேளையில் இதன் விளைவு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டாக்கள் தனியே விற்கப்பட்டன. 1911 ஆம் ஆண்டு வெளிவந்த .416 ரிக்பியின் உறை பெரிதாக அமைந்ததற்கும் அழுத்தத்தைக் குறைவாக வைத்திருக்கும் நோக்கமே காரணம்.

குழல்விட்டத் தெரிவு எப்போதும் வேட்டைக்காட்டில் மட்டும் முடிவாவதில்லை. 1907 ஆம் ஆண்டு பிரித்தானிய இந்திய அரசு .450, .303 விட்டங்களில் தோட்டாக்களைத் தனியார் இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. .577/450 மார்ட்டினி-ஹென்றியும் .303 லீ-என்ஃபீல்டும் படையினரின் துப்பாக்கிகள். அவை களவுபோய்க் கிளர்ச்சியாளர் கைக்குச் சென்றால், வேட்டைத் தோட்டாக்களே அவற்றுக்கு இரையாகிவிடும் என்று அரசு அஞ்சியது. இலண்டன் துப்பாக்கி நிறுவனங்களுக்கு இந்தியாவே பெரிய சந்தை. எனவே தடையில் சிக்காத விட்டங்கள் வரிசையாகச் சந்தைக்கு வந்தன: ஹாலண்ட் நிறுவனத்தின் .465, ஜோசப் லாங்கின் .470, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476. இவற்றுள் .470 இன்றும் ஆப்பிரிக்காவில் புகழ்பெற்றது. ஆப்பிரிக்க வேட்டையாளர் ஒருவர் கையில் .470 இருப்பதற்கு இந்தியக் கிளர்ச்சியாளர் மீதான அச்சம் ஒரு காரணம் என்பது வியப்புக்குரியது.

இதே தடையின் தொடர்ச்சியை இன்றைய இந்தியச் சட்டத்திலும் காணலாம். 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழ், படையினர் பயன்படுத்தும் விட்டங்கள் தடைசெய்யப்பட்டவையாகவும் பிற விட்டங்கள் தடைசெய்யப்படாதவையாகவும் பிரிக்கப்படுகின்றன. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் உரிமம் பெற்றோருக்காகச் செய்யப்பட்ட .315 ரைபிள் இவ்வாறு பிறந்ததே. தோற்றத்தில் அது லீ-என்ஃபீல்டின் உறவு. தோட்டாவோ ஆசுத்திரிய-அங்கேரியப் படையின் பழைய 8×50 மான்லிச்சர்.

ஆற்றலா, உந்தமா?

எந்த விட்டம் போதுமானது என்ற விவாதம் நூறாண்டுகளாக நடந்துவருகிறது. இதனை இயற்பியல் வழியே அணுகுவது பயன்தரும். குண்டின் இயக்க ஆற்றல் விரைவின் இருமடியைப் பொறுத்தது. உந்தமோ விரைவின் ஒருமடியையே பொறுத்தது. 11.3 கிராம் எடையுள்ள .303 குண்டு நொடிக்கு 744 மீட்டர் விரைவில் செல்லும்போது அதன் ஆற்றல் சுமார் 3,130 ஜூல். .375 ஹாலண்ட் மேக்னம் குண்டு 19.4 கிராம், 771 மீட்டர் விரைவு. ஆற்றல் 5,770 ஜூல். .470 குண்டு 32.4 கிராம், 655 மீட்டர் விரைவு. ஆற்றல் 6,950 ஜூல். ஆற்றலை நோக்கினால் .470 ஆனது .375 ஐ விட ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூடுதல். உந்தத்தை நோக்கினால் நாற்பது விழுக்காடு கூடுதல். பெரிய விட்டத்தை விரும்புவோர் உந்தத்தையும், சிறிய விட்டத்தை விரும்புவோர் ஆற்றலையும் எடுத்துக்காட்டுவதன் காரணம் இப்போது புரியும்.

உந்தத்துக்கு விலை உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டு பெறும் உந்தம் துப்பாக்கிக்கும் எதிர்த்திசையில் கிடைக்கிறது. ஐந்து கிலோ எடையுள்ள .470 துப்பாக்கி நொடிக்கு நான்கு மீட்டருக்கும் மேலான விரைவில் தோளை இடிக்கும். இந்த இடிக்கு அஞ்சி விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடுபவரிடம் எந்தப் பெரிய துப்பாக்கியும் பயன்படாது. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட டபிள்யூ. டி. எம். பெல் அவற்றுள் பெரும்பகுதியை .275 போன்ற சிறிய விட்டங்களாலேயே வீழ்த்தினார். அவர் யானையின் தலையெலும்பை அறுத்துப் பார்த்து மூளையின் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிந்தவர். அவருடைய பெயரைச் சொல்லிச் சிறிய துப்பாக்கியைப் பரிந்துரைப்போர் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவது வழக்கம்.

சிறிய துப்பாக்கி தவறினால் விளையும் கேடு விலங்கோடு முடிவதில்லை. குண்டுக் காயத்தோடு தப்பிய புலி இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் மனிதரைத் தாக்குவதை ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் இருவரும் பதிவு செய்துள்ளனர். கார்பெட்டிடம் இருந்த .275 ரிக்பி, 1907 ஆம் ஆண்டு சம்பாவத் பெண்புலியை வீழ்த்தியமைக்காக அவருக்குப் பரிசாக வழங்கப்பட்டது. பெங்களூரைச் சேர்ந்த ஆண்டர்சன் .405 வின்செஸ்டரைப் பயன்படுத்தினார். இவை இரண்டும் மிகப் பெரிய துப்பாக்கிகள் அல்ல.

இன்று வேட்டை அனுமதிக்கப்படும் நாடுகள் பல குறைந்தபட்ச அளவைச் சட்டமாக வைத்துள்ளன. செருமனியில் பெரிய மான், காட்டுப்பன்றி ஆகியவற்றுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும், 100 மீட்டர் தொலைவில் 2,000 ஜூல் ஆற்றலும் இருத்தல் வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 அளவே கீழ்வரம்பு.

குண்டின் அமைப்பு

விட்டத்தைவிடக் குண்டின் அமைப்பு முதன்மையானது என்பது வல்லுநர் பலரின் கருத்து. முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டு உடலுக்குள் காளான் போல விரிந்து விரைவாகக் கொல்லும். புலி, மான் வகைகளுக்கு இது ஏற்றது. முழுவதும் உலோக உறையிட்ட குண்டு விரியாமல் ஆழமாகத் துளைக்கும். யானையின் தலையில் மூளைக்கு முன்னே தேன்கூடு போன்ற தடித்த எலும்புப் பகுதி உள்ளது. விரியும் குண்டு அங்கேயே நின்றுவிடும். விரியும் குண்டுக்கு டம்டம் என்ற பெயர் கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையால் வந்தது. 1899 ஆம் ஆண்டு ஹேக் அறிக்கை இதனைப் போரில் தடை செய்தது. வேட்டையிலோ, விலங்கு நெடுநேரம் துன்புறலாகாது என்பதற்காக இதே குண்டு பல நாடுகளில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

இலக்குத் தொலைநோக்கி

மேலே கூறப்பட்ட பழைய வேட்டைகளில் பெரும்பாலானவை வெறும் திறந்த குறிகளைக் கொண்டே நடந்தன. பின்புறம் ஆங்கில வி எழுத்து வடிவப் பள்ளம், முன்புறம் சிறு மணி. இரண்டையும் இலக்கோடு ஒரே நேர்கோட்டில் வைத்துச் சுட வேண்டும். அடர்காட்டில் முப்பது மீட்டரில் பாயும் காட்டுமாட்டுக்கு இதுவே விரைவானது. தொலைவு கூடும்போது இதன் குறை வெளிப்படுகிறது. கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள 2 மில்லிமீட்டர் மணி, 200 மீட்டர் தொலைவில் 44 சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். மேகமலை, மூணாறு உயர்மலைப் பாறைகளில் நிற்கும் வரையாட்டின் இதயப் பகுதி அதில் பாதிகூட இராது.

தொலைநோக்கி, இலக்கின் பிம்பத்தையும் குறுக்குக் கம்பிகளையும் ஒரே தளத்தில் காட்டுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே (1861–1865) துப்பாக்கிகளில் தொலைநோக்கிகள் பொருத்தப்பட்டன. எனினும் வேட்டையில் அவை பரவியது 20 ஆம் நூற்றாண்டில்தான். 4×32 என்றால் நான்கு மடங்கு உருப்பெருக்கம், 32 மில்லிமீட்டர் முன்வில்லை. 32 ஐ 4 ஆல் வகுத்தால் வரும் 8 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம். இருளில் மனிதக் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஆகவே அந்தி நேரத்துக்கு இது போதுமானது. அதே வில்லையில் உருப்பெருக்கத்தை 9 ஆக உயர்த்தினால் கற்றை 3.6 மில்லிமீட்டராகச் சுருங்கிக் காட்சி இருண்டுவிடும். பார்வைப் பரப்பும் குறுகும். கை நடுக்கமும் ஒன்பது மடங்காகத் தெரியும். பெரிய எண் சிறந்தது என்ற எண்ணம் கடைக்காரர்களுக்கு மட்டுமே நன்மை தருவது.

பின்னுதைப்பு மிகுந்த துப்பாக்கியில் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 9 அல்லது 10 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. இல்லையேல் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். மலைச்சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுடும்போது மற்றொரு கணக்கும் உண்டு. குண்டின் வீழ்ச்சி கிடைத்தொலைவையே பொறுத்தது. 45 பாகைச் சரிவில் 200 மீட்டர் தொலைவு என்பது 141 மீட்டருக்குச் சமம். இதை அறியாதவர் விலங்கின் முதுகுக்கு மேலே சுடுவார்.

கம்பம் பள்ளத்தாக்கில்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு மேற்கே ஏலமலைக்கும், கிழக்கே வருசநாடு–மேகமலைத் தொடருக்கும் நடுவில் அமைந்துள்ளது. பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் ஆகிய ஊர்கள் மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ளன. மலைக்கு அப்பால் தேயிலைத் தோட்ட உரிமையாளர்கள் மூணாறில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். அவர்கள் காத்த இரவிகுளம் இன்று வரையாடுகள் வாழும் தேசியப் பூங்கா. பெரியாற்று நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934 ஆம் ஆண்டு காப்பிடமாக அறிவித்தது.

மேலே விவரித்த விட்டங்களும் தொலைநோக்கிகளும் இம்மலைகளில் ஆங்கிலேயருக்கும் அரச குடும்பத்தினருக்கும் சமீன்தார்களுக்கும் உரியவை. 1878 ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் கீழ் அடிவாரத்து உழவருக்கு அத்தகைய தெரிவு இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தவை வாய்வழி மருந்திடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி, ஈட்டி, வேட்டை நாய் ஆகியவையே. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர்பெற்ற கோம்பை நாய் இவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளது. பயிருக்குள் வரும் பன்றிக்கு வைக்கப்படும் அவுட்டுக்காய் என்னும் வெடி தடைசெய்யப்பட்டது. பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து யானைகள் வாய் சிதைந்து, உண்ண இயலாமல் இறப்பதும் உண்டு. குழல்விட்ட ஆய்வு எதுவும் இவ்வகை மரணத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

சட்டமும் மயக்க ஊசித் துப்பாக்கியும்

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி, முதல் அட்டவணையிலுள்ள ஒரு விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானாலோ, மீள இயலாத ஊனமோ நோயோ அடைந்தாலோ மட்டுமே அதனைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் ஆணையிடலாம். அதற்குமுன் அதனைப் பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ இயலாது என அவர் நிறைவுகொள்ள வேண்டும். 2021 ஆம் ஆண்டு நீலகிரியில் டி23 என்ற புலி இவ்வாறு தேடப்பட்டு, அக்டோபர் 15 அன்று உயிருடன் பிடிக்கப்பட்டது.

2023 ஏப்ரல் 29 அன்று கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அது மேகமலை வழியே சுற்றி மே 27 அன்று கம்பம் நகருக்குள் புகுந்தது. அப்போது காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். நகரில் 144 தடையுத்தரவு போடப்பட்டது. ஜூன் 5 அன்று சின்ன ஓவுலாபுரம் அருகே மயக்க ஊசி செலுத்தி யானை பிடிக்கப்பட்டு, களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இங்கும் விட்டமும் குறிநோக்கும் தெரிவு செய்யப்பட வேண்டியவையே. ஆனால் கணக்கு தலைகீழாகிறது. மயக்க ஊசித் துப்பாக்கிகள் பெரும்பாலும் 11 அல்லது 13 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. அழுத்தப்பட்ட வளிமத்தால் இயங்குபவை. வேட்டைத் துப்பாக்கிக்கு ஆற்றல் மிகுதல் வேண்டும். ஊசிக்கோ, தோலைத் துளைத்துத் தசையில் மருந்தைச் செலுத்தும் அளவு போதும். மிகுந்தால் எலும்பு முறியும். ஆகவே விரைவு குறைவு. பாதை மிகவும் வளைந்தது. நொடிக்கு 70 மீட்டர் விரைவில் செல்லும் ஊசி, காற்றுத்தடையை விட்டுவிட்டால், 30 மீட்டரில் 0.9 மீட்டரும் 40 மீட்டரில் 1.6 மீட்டரும் கீழிறங்கும். அதாவது தொலைவைப் பத்து மீட்டர் தவறாக மதிப்பிட்டால் ஊசி 70 சென்டிமீட்டர் விலகும். ஒப்பிட்டுப் பார்த்தால் .30-06 குண்டு 100 மீட்டரில் கீழிறங்குவது சுமார் 7 சென்டிமீட்டர் மட்டுமே. இதனால் மயக்க ஊசிக்கு உருப்பெருக்கம் மிகுந்த தொலைநோக்கி பயன்படாது. தொலைவளக்கும் கருவியும், அத்தொலைவுக்கேற்ப வளிம அழுத்தத்தைத் திருத்தும் பழக்கமுமே தேவை. மயக்கம் ஏற நேரமாகும் என்பதால், ஊசி பட்ட யானை எத்திசையில் ஓடும், வழியில் நீர்நிலையோ பள்ளமோ உள்ளதா என்பதையும் முன்பே கணித்தாக வேண்டும்.

காட்டுப்பன்றியின் நிலை வேறு. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடுவதற்கு அனுமதித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே பிடித்துக் காட்டில் விட வேண்டும். பண்ணைப்புரம் போன்ற அடிவார ஊர்களில் தோட்டங்கள் பல மலையை ஒட்டியே இருப்பதால், அவை பெரும்பாலும் முதலிரண்டு வரம்புகளுக்குள்ளேயே அடங்கிவிடக் கூடும்.